வெந்நீர் வெப்பமூட்டல் முறைமை

வெந்நீர் வெப்பமூட்டல் முறைமை என்பது, ஓரிடத்தில் சூடாக்கப்பட்ட நீரைக் குழாய்களின் வழியே கட்டிடத்தின் பல பகுதிகளுக்கும் செலுத்தி, அந்நீர் சுமந்து செல்லும் வெப்பத்தினால் அறைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் ஏற்பாடு ஆகும். அறைகளில் வெப்பத்தை இழந்து குளிர்ந்த நீர் வேறொரு குழாயின் வழியே திரும்பி வந்து மீண்டும் சூடாக்கப்படுகின்றது. இவ்வாறு ஒரே நீர் திரும்பத் திரும்பச் சுற்றி வருவதால் இது ஒரு மூடிய சுற்று ஆகும். குளிப்பதற்கும் கழுவுவதற்கும் பயன்படும் வெந்நீர் வழங்கல் இதிலிருந்து வேறானது. இரண்டுக்கும் ஒரே கொதிகலன் பயன்படக்கூடும் எனினும், இரு நீரும் ஒன்றோடொன்று கலப்பதில்லை.

குளிர் மிகுந்த ஐரோப்பிய நாடுகளிலும், வட அமெரிக்காவின் பல பகுதிகளிலும், கொரியா, வட சீனா போன்ற இடங்களிலும் இம்முறைமை பரவலாகப் பயன்படுகின்றது. இத்தகைய இடங்களில் அறைகளைச் சூடாக வைத்திருப்பதும், அவற்றுக்குள் தூய காற்றை வரவிடுவதும் ஒன்றையொன்று பாதிக்கும் செயல்கள் ஆகும். வெளியிலிருந்து வரும் குளிர்ந்த காற்று வெப்பத்தைக் குறைக்கின்றது. காற்று வராமல் அடைத்துவிட்டாலோ ஈரமும், பூஞ்சணமும், நச்சு வளிமங்களும் அறையில் தங்கிவிடுகின்றன. எனவே வெப்பமூட்டலும் காற்றோட்டமும் ஒன்றாகவே திட்டமிடப்படுகின்றன.

வரலாறு

பண்டைய உரோமர்கள் தூண்களின் மேல் உயர்த்தி அமைக்கப்பட்ட தரையின் கீழ் அடுப்பின் சூடான வளிமங்களைச் செலுத்தித் தமது குளியல் மண்டபங்களைச் சூடாக்கினர். கொரியாவில் "ஒண்டோல்" எனப்படும் முறையில் அடுப்புப் புகை தரைக்கடியிலுள்ள வழிகளினூடாகச் சென்று வெளியேறியது. இவ்விரண்டிலும் வெப்பத்தைச் சுமந்தது காற்றும் புகையுமே அன்றி நீர் அன்று.

சுவீடனைச் சேர்ந்த மார்ட்டின் டிரீவால்ட் 1716 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் செடிகளை வளர்க்கும் கண்ணாடி இல்லமொன்றைச் சூடாக்க வெந்நீரைப் பயன்படுத்தினார். 1777 இல் பிரான்சைச் சேர்ந்த போன்மேன் என்பவர் கோழி முட்டைகளை அடைகாப்பதற்கு வெந்நீர்ச் சுற்று ஒன்றை அமைத்தார். 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இம்முறை இங்கிலாந்தில் பெரிய கட்டிடங்களுக்கும் பரவியது. 1831 இல் ஏஞ்சியர் மார்ச் பெர்க்கின்சு உயர் அழுத்த வெந்நீர் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1854 இல் திறக்கப்பட்ட லிவர்பூல் நகரின் புனித சார்ச் மண்டபத்தில், டேவிட் போசுவெல் ரீட் என்பவர் வெந்நீர்க் குழாய்களால் காற்றைச் சூடாக்கி, நீராவிப் பொறியால் இயங்கும் விசிறிகளைக் கொண்டு மண்டபத்துக்குள் செலுத்தும் ஏற்பாட்டைச் செய்தார். வெப்பமூட்டலும் காற்றோட்டமும் ஒரே முறைமையாக இணைக்கப்பட்ட தொடக்ககால எடுத்துக்காட்டுகளுள் இதுவும் ஒன்று.

ரேடியேட்டர் எனப்படும் வார்ப்பிரும்பு வெப்பமூட்டியை உருவாக்கிய பெருமை, உருசியாவின் சென் பீட்டர்சுபர்க் நகரில் 1850களில் தொழில் நடத்திய பிரான்சு சான் கல்லி என்பவருக்கு அளிக்கப்படுகின்றது. செருமனியில் வில்லெம் ஓப்லாண்டர் 1928 ஆம் ஆண்டளவில் குழாயிலேயே பொருத்தக்கூடிய சுற்றோட்டப் பம்பை உருவாக்கினார். டென்மார்க்கைச் சேர்ந்த மாட்சு கிளவுசன் 1943 இல் அறையின் வெப்பநிலைக்கேற்பத் தானாகத் திறந்து மூடும் ரேடியேட்டர் வால்வைக் கண்டுபிடித்தார். இவ்விரண்டும் இன்று பல வெந்நீர் முறைமைகளில் காணப்படுகின்றன.

நீர் ஏன் பயன்படுகின்றது

ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசு (°செ) உயர்த்துவதற்கு ஏறத்தாழ 4.19 கிலோசூல் ஆற்றல் தேவை. ஒரு கிலோகிராம் காற்றுக்கு ஏறத்தாழ 1 கிலோசூல் போதும். அத்துடன், ஒரு கன மீட்டர் நீரின் நிறை 1000 கிலோகிராம். அதே கன அளவுள்ள காற்றின் நிறை 1.2 கிலோகிராம் மட்டுமே. இதனால், ஒரே கன அளவையும் ஒரே வெப்பநிலை வேறுபாட்டையும் கொண்டு பார்க்கும்போது, நீர் காற்றைவிட ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கின்றது. பெரிய காற்றுக்குழாய் செய்யும் வேலையை விரல் பருமனுள்ள நீர்க்குழாய் செய்துவிடுவதற்குக் காரணம் இதுவே.

நீரால் எடுத்துச் செல்லப்படும் வெப்பம், நீரின் ஓட்ட அளவு, அதன் தன்வெப்பம், போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு ஆகிய மூன்றின் பெருக்கம் ஆகும். எடுத்துக்காட்டாக, ஒரு வீட்டுக்கு 10 கிலோவாட் வெப்பம் தேவைப்படுவதாகவும், நீர் 80 °செ இல் சென்று 60 °செ இல் திரும்புவதாகவும் கொண்டால், தேவைப்படும் ஓட்டம் நொடிக்கு 0.12 லீட்டர், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 7 லீட்டர் ஆகும். வேறுபாடு 10 பாகையாகக் குறைந்தால் இதே வெப்பத்துக்கு இரு மடங்கு நீர் ஓட வேண்டும்.

இயற்கைச் சுற்றோட்டமும் பம்பும்

தொடக்ககால முறைமைகளில் பம்பு இருக்கவில்லை. சூடான நீர் அடர்த்தி குறைந்து மேலெழுவதும், குளிர்ந்த நீர் கீழிறங்குவதுமே அவற்றை இயக்கின. கொதிகலன் கட்டிடத்தின் அடித்தளத்தில் வைக்கப்பட்டது இதற்காகவே. 80 °செ இல் நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 971.8 கிலோகிராம், 60 °செ இல் 983.2 கிலோகிராம். 5 மீட்டர் உயரமுள்ள சுற்றில் இவ்வேறுபாடு தரும் அழுத்தம் ஏறத்தாழ 560 பாசுக்கல் மட்டுமே. இது மிகச் சிறியது ஆதலால், உராய்வைக் குறைப்பதற்காகக் குழாய்கள் மிகப் பருமனாக அமைக்கப்பட்டன. வீடுகளில் பயன்படும் சிறிய சுற்றோட்டப் பம்புகூட இதைப்போலப் பல பத்து மடங்கு அழுத்தத்தைத் தரவல்லது. எனவே பம்பு வந்த பின்னர்க் குழாய்கள் மெலிந்தன. கொதிகலனை எந்தத் தளத்திலும் வைக்கக்கூடியதாயிற்று. எனினும் மின்சாரம் நின்றால் சூடும் நின்றுவிடும் என்பது இம்மாற்றத்தோடு வந்த குறை.

முக்கிய கூறுகள்

கொதிகலன்: எரிவளி, எண்ணெய், விறகு அல்லது மின்சாரம் கொண்டு நீரைச் சூடாக்குவது. பெயர் கொதிகலன் எனினும் வெந்நீர் முறைமையில் நீர் கொதிக்க விடப்படுவதில்லை. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவியைக் குளிரச்செய்து அதன் உள்ளுறை வெப்பத்தையும் பெற்றுக்கொள்ளும் வகை, ஒடுக்கக் கொதிகலன் எனப்படுகின்றது. இயற்கை எரிவளியைப் பொறுத்தவரை, திரும்பும் நீர் ஏறத்தாழ 55 °செ இலும் குறைவாக இருந்தால் மட்டுமே இவ்வொடுக்கம் நடைபெறும். 2005 ஏப்பிரல் முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் புதிதாகப் பொருத்தப்படும் எரிவளிக் கொதிகலன்கள் சில விலக்குகள் தவிர இவ்வகையினவாக இருக்கவேண்டும் எனக் கட்டிட விதிகள் கோரின.

விரிவுக் கலம்: 10 °செ இலிருந்து 80 °செ க்குச் சூடாகும்போது நீரின் கன அளவு ஏறத்தாழ 3 விழுக்காடு கூடுகின்றது. நீர் அமுங்காத பொருள் ஆதலால், இக்கூடுதலுக்கு இடம் இல்லாவிட்டால் குழாய்களும் கொதிகலனும் வெடிக்கும் அளவுக்கு அழுத்தம் உயரும். பழைய வீடுகளில் கூரைக்கடியில் திறந்த தொட்டி ஒன்று வைக்கப்பட்டது. இன்றைய முறைமைகளில் இரப்பர் மென்தகட்டால் இரண்டாகப் பிரிக்கப்பட்ட மூடிய கலம் பயன்படுகின்றது. இதன் ஒருபுறம் நீரும் மறுபுறம் அமுங்கக்கூடிய வளிமமும் இருக்கும்.

காப்பு வால்வு: விரிவுக் கலம் பழுதுபட்டு அழுத்தம் உயர்ந்தால் நீரை வெளியேற்றுவது. வீட்டு முறைமைகளில் இது பெரும்பாலும் 3 பார் அழுத்தத்தில் திறக்கும்படி அமைக்கப்படுகின்றது. குளிர்ந்த நிலையில் முறைமையின் அழுத்தம் பொதுவாக 1 முதல் 1.5 பார் வரை இருக்கும்.

ரேடியேட்டர்: நீரிலுள்ள வெப்பத்தை அறைக்குக் கொடுப்பது. இதன் பெயர் கதிர்வீச்சைக் குறித்தாலும், தட்டை வடிவ ரேடியேட்டர்களில் வெப்பத்தின் பெரும்பகுதி வெப்பச்சலனத்தாலேயே காற்றுக்குச் செல்கின்றது. குளிர்ந்த காற்று இறங்கி வரும் சாளரங்களின் கீழ் இவற்றை அமைப்பது நெடுநாள் வழக்கம்.

வெப்பநிலைக் கட்டுப்படுத்தி: அறை வேண்டிய வெப்பநிலையை அடைந்ததும் கொதிகலனை நிறுத்துவது. ரேடியேட்டர்களில் பொருத்தப்படும் வால்வுகள் அறைக்கு அறை தனித்தனியாக இதைச் செய்கின்றன.

குழாய் அமைப்பு வகைகள்

ஒற்றைக் குழாய் முறையில் ஒரே குழாய் எல்லா ரேடியேட்டர்களையும் தொட்டுச் செல்கின்றது. முதல் ரேடியேட்டருக்கு மிகச் சூடான நீரும், கடைசி ரேடியேட்டருக்கு ஏற்கனவே குளிர்ந்த நீரும் கிடைக்கின்றன. இதனால் கடைசி அறையில் பெரிய ரேடியேட்டர் தேவைப்படும். இரட்டைக் குழாய் முறையில் போகும் குழாயும் திரும்பும் குழாயும் தனித்தனியாக இருப்பதால் எல்லா ரேடியேட்டர்களும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் நீரைப் பெறுகின்றன.

இரட்டைக் குழாய் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. நீர் எப்போதும் தடை குறைந்த வழியையே நாடுவதால், பம்புக்கு அருகிலுள்ள ரேடியேட்டர்களில் அளவுக்கு மீறி ஓடி, தொலைவிலுள்ளவற்றைக் குளிர விட்டுவிடுகின்றது. அருகிலுள்ள வால்வுகளைச் சற்று மூடி ஓட்டத்தைப் பகிர்ந்தளிப்பது சமன்செய்தல் எனப்படுகின்றது. தொலைவிலுள்ள அறை சூடாகவில்லை என்பதற்காகக் கொதிகலனின் வெப்பநிலையை உயர்த்துவது பரவலாகச் செய்யப்படும் தவறு ஆகும். அதனால் அருகிலுள்ள அறைகள் மேலும் சூடாகி எரிபொருள் வீணாகும்.

தரைவழி வெப்பமூட்டலில், வளைந்து வளைந்து செல்லும் நெகிழிக் குழாய்கள் தரைக்குள் பதிக்கப்படுகின்றன. பரப்பு மிகப் பெரியது ஆதலால் நீர் 35 முதல் 45 °செ வரை இருந்தாலே போதும். மக்கள் புழங்கும் இடங்களில் தரையின் மேற்பரப்பு 29 °செ க்கு மேற்படலாகாது என ஐரோப்பியத் தரநிலை வரையறுக்கின்றது. கொரியாவில் 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒண்டோல் அடுப்புகளில் நிலக்கரிக் கட்டிகள் எரிக்கப்பட்டன. அப்போது தரை வெடிப்புகளின் வழியே கசிந்த கார்பன் மோனாக்சைடினால் உறக்கத்திலேயே ஏராளமானோர் இறந்தனர். புகைக்குப் பதிலாக வெந்நீரைத் தரைக்கடியில் செலுத்தும் முறை பரவியது, சூடான தரையில் அமர்ந்து உறங்கும் வழக்கத்தைக் கைவிடாமலேயே இவ்விடரைக் குறைத்தது.

வழக்கமான பழுதுகள்

ரேடியேட்டரின் மேற்பகுதி குளிர்ந்தும் கீழ்ப்பகுதி சூடாகவும் இருந்தால், உள்ளே காற்று தேங்கியுள்ளது என்று பொருள். மேலேயுள்ள சிறு திருகைத் திறந்து காற்றை வெளியேற்றலாம். மாறாக, கீழ்ப்பகுதி குளிர்ந்தும் மேற்பகுதி சூடாகவும் இருந்தால், இரும்பு அரித்து உண்டான கருநிறச் சேறு அடியில் படிந்திருக்கக்கூடும். இச்சேற்றின் பெரும்பகுதி மேக்னடைட்டு எனப்படும் இரும்பு ஆக்சைடு ஆகும்.

மூடிய சுற்றிலுள்ள பழைய நீர் கருமையாகத் தோன்றினாலும் அதைக் காரணமின்றி மாற்றுவது நன்றன்று. நீரில் கரைந்துள்ள ஆக்சிசன் தொடக்கத்திலேயே இரும்புடன் சேர்ந்து தீர்ந்துவிடுவதால் அரிப்பு ஏறத்தாழ நின்றுவிடுகின்றது. புதிய நீர் ஊற்றும்போதெல்லாம் புதிய ஆக்சிசன் உட்புகுந்து அரிப்பு மீண்டும் தொடங்குகின்றது. எனவே அடிக்கடி நீர் சேர்க்க வேண்டியிருந்தால், எங்கோ கசிவு உள்ளது என்பதோடு, கொதிகலனின் ஆயுளும் குறைந்து வருகின்றது என்பதை உணர வேண்டும். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவதால், குளிர்காலத்தில் வெப்பமூட்டாமல் பூட்டி வைக்கப்படும் வீடுகளில் குழாய்கள் வெடிப்பதும் உண்டு.

காற்றோட்டத்தின் தேவை

மனிதர் விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உள்ளன. சமைப்பதும், குளிப்பதும், துணிகளை வீட்டுக்குள் உலர்த்துவதும் மேலும் நீராவியைச் சேர்க்கின்றன. செருமானிய அறிவியலாளர் மாக்சு வொன் பெட்டன்கோபர் 1858 இல், அறைக் காற்றில் கார்பன் டை ஆக்சைடின் அளவு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்றார். அந்த அளவில் அவ்வளிமம் நச்சு அன்று. காற்று போதிய அளவு மாற்றப்படுகின்றதா என்பதைக் காட்டும் அறிகுறியாகவே அவர் அதைக் கொண்டார். அமர்ந்திருக்கும் ஒருவர் நொடிக்கு ஏறத்தாழ 0.005 லீட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகின்றார். அவருக்கு நொடிக்கு 10 லீட்டர் வெளிக்காற்று கிடைத்தால், அறையின் அளவு வெளியிலுள்ளதைவிடப் பத்து இலட்சத்தில் 500 பங்கு மட்டுமே கூடுதலாக இருக்கும். இன்றைய வெளிக்காற்றில் இது பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு ஆதலால், மொத்தம் பெட்டன்கோபரின் எல்லைக்குள் அடங்குகின்றது.

காற்றோட்டத்தின் வகைகள்

இயற்கைக் காற்றோட்டம் காற்றின் வேகத்தாலும் வெப்பநிலை வேறுபாட்டாலும் நிகழ்கின்றது. உள்ளே 20 °செ, வெளியே 0 °செ எனில், 6 மீட்டர் உயரமுள்ள வீட்டில் கிடைக்கும் அழுத்த வேறுபாடு ஏறத்தாழ 5 பாசுக்கல். சூடான காற்று மேலேயுள்ள திறப்புகளால் வெளியேற, கீழேயுள்ள இடுக்குகளால் குளிர்காற்று நுழைகின்றது. புகைபோக்கியிலும் இதுவே நடைபெறுவதால் இது புகைபோக்கி விளைவு எனப்படுகின்றது. தேவை மிகுந்த மந்தமான நாட்களில் குறைவாகவும், கடுங்குளிரில் மிகையாகவும் இயங்குவது இதன் குறை ஆகும்.

இயந்திரக் காற்றோட்டத்தில் விசிறிகள் பயன்படுகின்றன. சமையலறையிலும் குளியலறையிலும் இருந்து ஈரக்காற்றை வெளியேற்றுவது எளிய வகை. உள்வரும் காற்றையும் வெளியேறும் காற்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் ஒரு வெப்பப் பரிமாற்றியின் வழியே செலுத்தி, வெளியேறும் வெப்பத்தின் பெரும்பகுதியை மீட்டுக்கொள்வது முன்னேறிய வகை. செருமனியின் டார்ம்சுடாட் நகரில் 1990–91 இல் கட்டப்பட்ட முதல் "பாசிவ் ஹவுசு" வீடுகளில் இம்முறை பயன்பட்டது.

காற்றோட்டமும் வெப்ப இழப்பும்

ஒரு கன மீட்டர் காற்றை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 0.33 வாட்-மணி ஆற்றல் தேவை. 250 கன மீட்டர் கொள்ளளவுள்ள வீட்டில், உள்ளே 20 °செ, வெளியே 0 °செ ஆக இருக்கும்போது, இரண்டு மணிக்கு ஒருமுறை காற்று முழுவதும் மாறுவதாகக் கொண்டால் இழப்பு 825 வாட் ஆகும். இடுக்குகள் நிறைந்த பழைய வீட்டில் மணிக்கு இருமுறை காற்று மாறினால் இது 3,300 வாட்டாக உயரும். 80 விழுக்காடு வெப்பத்தை மீட்கும் பரிமாற்றி இருந்தால், முதலாவது வீட்டின் இழப்பு 165 வாட்டாகக் குறையும். வெப்பமூட்டல் முறைமையின் அளவைத் தீர்மானிப்பதில் காற்றோட்டம் எவ்வளவு பங்கு வகிக்கின்றது என்பதை இது காட்டுகின்றது.

1973 இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் எரிபொருளைச் சேமிப்பதற்காகக் கட்டிடங்களின் இடுக்குகள் அடைக்கப்பட்டன. காற்றோட்ட அளவும் குறைக்கப்பட்டது. அமெரிக்காவின் ஆசுரே அமைப்பு 1981 இல் அலுவலகங்களுக்கு ஒருவருக்கு நிமிடத்துக்கு 5 கன அடி என்ற சிறும அளவை ஏற்றது. தலைவலி, கண் எரிச்சல், சோர்வு முதலிய முறைப்பாடுகள் பல கட்டிடங்களில் எழுந்தன. 1989 இல் சிறும அளவு 15 கன அடியாக உயர்த்தப்பட்டது.

ஈரமும் பூஞ்சணமும்

20 °செ வெப்பநிலையும் 50 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் கொண்ட காற்றின் பனிநிலை ஏறத்தாழ 9 °செ ஆகும். ஈரப்பதம் 60 விழுக்காடானால் பனிநிலை 12 °செ ஆக உயரும். அதைவிடக் குளிர்ந்த சுவரிலோ கண்ணாடியிலோ நீர்த்துளிகள் படியும். பூஞ்சணம் வளர நீர்த்துளிகள்கூடத் தேவையில்லை. சுவர்ப் பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் நீண்டகாலம் 80 விழுக்காட்டளவில் இருந்தாலே போதும். அலமாரிக்குப் பின்புறமும் வெளிச்சுவர் மூலைகளிலும் முதலில் கரும்புள்ளிகள் தோன்றுவது இதனாலேயே.

2020 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில், பூஞ்சணம் படர்ந்த வாடகை வீட்டில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை ஒன்று மூச்சு நோயால் இறந்தது. பூஞ்சணத்துக்கு நீண்டகாலம் உட்பட்டதே இறப்புக்குக் காரணம் என 2022 இல் விசாரணை முடிவு கூறியது. இதைத் தொடர்ந்து 2023 இல் சமூக வீட்டுவசதி ஒழுங்குபடுத்தல் சட்டத்தில், இத்தகைய குறைகளை வீட்டு உரிமை அமைப்புகள் குறித்த காலத்துக்குள் சரிசெய்யவேண்டும் என்பதற்கான ஏற்பாடு சேர்க்கப்பட்டது. பூஞ்சணத்தைத் துடைப்பது மட்டும் தீர்வாகாது. சுவர் குளிராதபடி வெப்பமூட்டலும் காப்பிடலும், ஈரத்தை அகற்றக் காற்றோட்டமும் சேர்ந்தே தேவைப்படுகின்றன. சாளரத்தை நாள் முழுவதும் சிறிது திறந்து வைப்பதைவிட, சில நிமிடங்கள் முழுமையாகத் திறந்து மூடுவது சுவர்களைக் குளிரவிடாமல் காற்றை மாற்றும். செருமனியில் இது அன்றாடப் பழக்கமாக உள்ளது.

பாதுகாப்பு

எரிபொருள் முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகின்றது. இதற்கு நிறமோ மணமோ இல்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் இது ஆக்சிசனைவிட 200 மடங்குக்கு மேற்பட்ட நாட்டத்துடன் இணைகின்றது. அறைக் காற்றையே எரிப்பதற்குப் பயன்படுத்தும் பழைய வகைக் கொதிகலன்கள் உள்ள வீடுகளில், குளிருக்கு அஞ்சிக் காற்றுத் துளைகளை அடைப்பது உயிருக்கு ஆபத்தானது. ஆற்றல் மிக்க சமையலறை விசிறியும் அறையின் அழுத்தத்தைக் குறைத்து, புகைபோக்கியின் வழியே வெளியேற வேண்டிய வளிமங்களை உள்ளே இழுத்துவிடக்கூடும். வெளியிலிருந்தே காற்றை எடுத்து வெளியிலேயே புகையை விடும் மூடிய வகைக் கொதிகலன்களில் இவ்விடர் மிகவும் குறைவு. எவ்வகையாயினும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி பொருத்துவது பரிந்துரைக்கப்படுகின்றது.

குளியலுக்கான வெந்நீர் தேக்கி வைக்கப்படும் கலன்களில் வேறொரு இடர் உண்டு. 1976 இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நடந்த முன்னாள் படைவீரர் மாநாட்டில் பரவிய நோயின் மூலம் அறியப்பட்ட லெசியோனெல்லா பாக்டீரியா, 20 முதல் 45 °செ வரையுள்ள நீரில் பெருகுகின்றது. எனவே அந்நீர் 60 °செ அளவில் தேக்கப்படுகின்றது. குழாயில் வரும்போது சுடாமலிருக்கக் கலப்பு வால்வுகள் பயன்படுகின்றன.

வெப்பப் பம்புகளும் தாழ்வெப்ப நீரும்

வெளிக்காற்றிலிருந்தோ நிலத்திலிருந்தோ வெப்பத்தை எடுத்து நீருக்கு மாற்றும் வெப்பப் பம்புகள் இன்று கொதிகலன்களுக்கு மாற்றாகப் பொருத்தப்படுகின்றன. இவை தரும் நீரின் வெப்பநிலை எவ்வளவு குறைவாக உள்ளதோ அவ்வளவுக்கு மின்சாரம் மிச்சமாகும். ஆனால் ரேடியேட்டருக்கும் அறைக்கும் இடையிலான சராசரி வெப்பநிலை வேறுபாடு 50 பாகையிலிருந்து 30 பாகையாகக் குறைந்தால், அதே ரேடியேட்டர் ஏறத்தாழ அரைப்பங்கு வெப்பத்தையே தரும். ஆகவே பெரிய ரேடியேட்டர்களோ, தரைவழி வெப்பமூட்டலோ, அல்லது வெப்ப இழப்பைக் குறைக்கும் காப்பிடலும் கட்டுப்பட்ட காற்றோட்டமுமோ தேவைப்படுகின்றன. ஐசுலாந்தின் ரெய்க்யவிக் நகரில் 1930 முதல் நிலவெப்ப நீர் கட்டிடங்களைச் சூடாக்கி வருகின்றது. அங்கு வெப்பத்தின் மூலம் கொதிகலனில் இல்லை, நிலத்துக்கடியிலேயே உள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

காற்றோட்டம்
வளிச்சீரமைப்பு
வெப்பச்சலனம்
கொதிகலன்
பனிநிலை
கார்பன் மோனாக்சைடு